துண்டு காயும் சார்ஜர்

மாசியில் உறவில் ஒரு கல்யாணம். பட்டுக்கோட்டையைத் தாண்டி, கடலோரக் கிராமம். மச்சினன் புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் சென்னையிலிருந்து இரவே கிளம்பினோம். "பெட்ரோல் செலவே இல்லை அத்தான். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்றான். வண்டி வாங்கிய நாளிலிருந்து இதை எழுபது தடவையாவது சொல்லியிருப்பான்.

விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு முறை சார்ஜ் ஏற்றினோம். ஒழுங்காக ஏறியது. நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா. திருச்சி வந்தது. தஞ்சாவூர் போனது. நாற்கரச் சாலை முடிந்து வயல்வெளி தொடங்கியதும் மச்சினன் முதலில் பாட்டை நிறுத்தினான். பிறகு ஏசியை நிறுத்தினான். புழுக்கம் தாங்காமல் என் மனைவி கண்ணாடியை இறக்கப் போனாள். "வேண்டாம்க்கா, காத்து இழுத்தா பேட்டரி குறையும்" என்றான். கொஞ்ச நேரத்தில் யாரும் பேச வேண்டாம் என்றான். பேச்சு பேட்டரியில் ஓடுவதில்லை என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. திரையில் 14 சதவீதம்.

மொபைலைத் துழாவினான். ஒன்பது கிலோமீட்டரில் ஒரு பச்சைப் புள்ளி. பெட்ரோல் பங்க். ஃபாஸ்ட் சார்ஜர். நிலை: உள்ளது.

போனோம். உள்ளதுதான். ஆளுயரத்துக்கு, பளபளவென்று, தரையில் பச்சைக் கட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கன் மாட்டும் கொக்கியில் ஓர் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பங்க் பையன் தூக்கக் கலக்கத்தோடு வந்து துண்டை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"அது ஓடாது சார்."

"எப்பலேருந்து?"

"தொறந்து வச்ச மறுநாள்லேருந்து."

உதவி எண்ணுக்கு அழைத்தோம். தமிழுக்கு ஒன்றை அழுத்தினோம். இந்தி பேசினார்கள். நாற்பது நிமிடம் கழித்து மொபைலுக்குத் தகவல் வந்தது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. சார்ஜரைத் திரும்பிப் பார்த்தோம். துண்டு மறுபடி ஏறியிருந்தது.

கடைசியில் காப்பாற்றியவர் ஓர் அரிசி ஆலைக்காரர். ஆலையின் பிளக்கில் ஐந்து மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. மண்டபம் போய்ச் சேர்ந்தபோது அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். போனது ஒரு முகூர்த்தம், ஒரு பந்தி. போகட்டும். அந்தச் சார்ஜர் எந்தக் கணக்கில் நிற்கிறது என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது.

கணக்கு இருக்கிறது. பிரமாதமான கணக்கு. 2024 டிசம்பர் நிலவரப்படி நாட்டில் 25,202 பொது சார்ஜிங் ஸ்டேஷன்கள் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. துண்டு காய்கிற ஜாதியும் அதில் அடக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலை எண்ணுவதில் நம் அரசுகளை மிஞ்ச ஆளில்லை. நாடி பார்ப்பதில்தான் சுணக்கம்.

அந்த 25,202-ஐ மாநிலவாரியாகப் பிரித்தால் கர்நாடகம் 5,765. மகாராஷ்டிரம் 3,728. நம் தமிழ்நாடு ஆயிரத்துச் சொச்சம். கர்நாடகத்துக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். அங்கே உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. 2024 தொடக்கத்தில் மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கைக் காட்டி, நாட்டிலேயே முதலிடம் என்று கொண்டாடினார்கள். மொத்தம் 5,059. அதில் பெங்களூரு நகர மாவட்டத்தில் மட்டும் 4,281. மீதி முப்பது மாவட்டங்களுக்கும் சேர்த்து 778. பீதரில் இருப்பவரும் ராய்ச்சூரில் இருப்பவரும் மாநிலத்தின் முதலிடத்தை நினைத்து நினைத்து வண்டியைத் தள்ளலாம்.

நம் கதைக்கு வருவோம். மின்சார வண்டியைப் பொறுத்தவரை நாம் சாதாரண மாநிலம் அல்ல. ஓசூரில் ஸ்கூட்டர் செய்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஸ்கூட்டர் செய்கிறோம். ராணிப்பேட்டையில் செய்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்கிறோம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம்காரரின் கார் ஆலையையும் திறந்தாயிற்று. இந்தியாவின் மின்சார வாகனத் தலைநகரம் என்று நாமே நமக்குப் பட்டம் கட்டிக்கொண்டோம். 2023-இல் வெளியான மாநிலக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்று இலக்கு வைத்தது. நல்ல கொள்கை. வண்டி செய்ய இடம் உண்டு, சலுகை உண்டு, ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிய படம் உண்டு. செய்த வண்டி ஊர் போய்ச் சேர வழி?

அதற்கும் அந்தக் கொள்கையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆறு ஊர்களை மின்வாகன நகரங்கள் ஆக்குவார்களாம். சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. மாநிலத்தில் மாவட்டங்கள் 38. ராமநாதபுரத்துக்காரர் நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி மதுரைக்கு வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய சார்ஜில் பாதியை ஊர் திரும்புவதற்குச் செலவழிக்கலாம். மறுநாள் திரும்ப வரலாம். பொழுது நன்றாகப் போகும்.

விதிகள் இல்லாமல் இல்லை. விதிக்கு இந்த நாட்டில் என்றைக்குப் பஞ்சம்? 2018 டிசம்பரிலேயே மத்திய மின்துறை வழிகாட்டி நெறிமுறை போட்டது. நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு ஸ்டேஷன். நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. 2022-இல் அதையே திருத்தித் தொகுத்து மறுபடி போட்டார்கள். கட்டங்கள் காகிதத்தில் நேர்த்தியாக விழுந்தன. தரையில் விழவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 2024 செப்டம்பரில் புதிய நெறிமுறை. இனிமேல் நகரங்களில் ஒன்றுக்கு ஒரு கிலோமீட்டர் கட்டம், 2030-க்குள். நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று. முப்பத்தைந்து மார்க் எடுக்க முடியாத பையனைத் தேற்றுவதற்குப் பாஸ் மார்க்கை எழுபது ஆக்கியிருக்கிறார்கள்.

கரண்ட் இணைப்புக்கும் அதில் காலக்கெடு இருக்கிறது. பெருநகரத்தில் 3 நாள். மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள். கிராமத்தில் 15 நாள். எந்த 15 நாள் என்று சொல்லவில்லை. ஃபாஸ்ட் சார்ஜர் என்பது சுவரில் செருகுகிற சமாசாரம் இல்லை. 60 கிலோவாட் கருவி ஒன்று வந்தால் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுத் திணறும். புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஸ்டிமேட் போட வேண்டும். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவிலிருந்து வர வேண்டும். வீட்டுக்குப் புது மீட்டர் கேட்டு ஈபி ஆபீஸ் படியேறிய யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பணம் இல்லையோ என்று பாவப்படாதீர்கள். மத்திய அரசின் மின்வாகன ஊக்கத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய். அதில் சார்ஜிங் ஸ்டேஷன்களுக்கென்றே 1,000 கோடி. 2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ஒதுக்கி, 7,432 ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷன்கள் வைக்கச் சொன்னார்கள். முதல் தவணை 560 கோடியைக் கையோடு கொடுத்தார்கள். கெடு: 2024 மார்ச்.

பெட்ரோலை ஒழிக்கும் பொறுப்பைப் பெட்ரோல் விற்பவரிடமே கொடுப்பதா என்று சிலர் கேட்டார்கள். தமிழனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. டாஸ்மாக் கடையை நடத்துகிற நம் துறைக்குப் பெயரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.

உண்மையில் பங்க் நல்ல இடம்தான். வெளிச்சம் இருக்கும், ஆள் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கழிப்பறையும் திறந்திருக்கும். கோளாறு வேறு இடத்தில். எத்தனை வைத்தாய் என்பதுதான் மேலேயிருந்து வருகிற கேள்வி. வைத்துவிட்டார்கள். எத்தனை ஓடுகிறது என்று கேட்டிருந்தால் ஓட்டியிருப்பார்கள். மூலையில் நிற்கிற சார்ஜரால் பங்க் பையனுக்குச் சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. அவன் ஏன் அதற்குக் காவல் இருக்க வேண்டும்? துண்டு காயப்போட்டதுதான் அந்தக் கருவிக்குக் கிடைத்த ஒரே பொதுப் பயன்பாடு.

ஃபேம் முடிந்தது. அடுத்தது பிஎம் இ-டிரைவ். 2024 அக்டோபரில் தொடங்கியது. 10,900 கோடி. சார்ஜர்களுக்கு 2,000 கோடி. இலக்கு 72,300. ஒன்றரை வருஷத் திட்டம். அதில் சார்ஜர் பகுதியை எப்படிச் செயல்படுத்துவது என்கிற நெறிமுறை எப்போது வந்தது? 2025 செப்டம்பரில். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. நடுவில் திட்டத்துக்கே சார்ஜ் இறங்கிவிட, ஆயுளை 2028 மார்ச் வரை நீட்டித்தார்கள். திட்டத்துக்குச் சார்ஜ் ஏற்ற டெல்லியில் பிளக் கிடைக்கிறது.

வரிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிக்கிறது. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சார்ஜர் கருவிக்கும் 5 சதவீதம். சபாஷ். அந்த வண்டியைப் பொது ஸ்டேஷனில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றினால்? 18 சதவீதம். வீட்டு மீட்டரில் ஏற்றினால் ஜிஎஸ்டியே கிடையாது. இப்போது யோசியுங்கள். வீட்டில் போர்ட்டிகோ வைத்துக் கார் நிறுத்துகிறவருக்கு வரி இல்லை. மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தெருவில் வண்டி நிறுத்தி, நாள் முழுக்கச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்கு 18 சதவீதம். பிளக் இல்லாதவனிடம் வரி வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் பசுமைப் போக்குவரத்துக்கு ஊக்கம். அரிசி ஆலைக்காரர் எங்களிடம் 18 சதவீதம் கேட்கவில்லை. அவருக்குப் பொருளாதாரம் தெரியாது, பாவம்.

அந்தப் பையனின் வண்டிக்குப் பொது ஸ்டேஷனில் இடம் உண்டா என்பதே தனிக் கேள்வி. நம் ஊரில் மின்சார வண்டி என்றால் முக்கால்வாசி ஸ்கூட்டர்தான். அரசுப் பணத்தில் நிற்கிற ஃபாஸ்ட் சார்ஜரின் கன் காருக்கானது. ஸ்கூட்டர்களிலோ கம்பெனிக்கு ஒரு பிளக், கம்பெனிக்கு ஒரு கட்டம். பொதுவான தர அளவு என்று ஒன்று வந்ததே 2023-இல். சாலையில் லட்சக்கணக்கான வண்டிகள் இறங்கி ஓடிய பிறகு. கார்களுக்கும் முதலில் பாரத் என்று பெயர் சூட்டி ஒரு சார்ஜர் வகையைக் கொண்டுவந்தார்கள். 15 கிலோவாட். அரசு அலுவலகங்களுக்கென்று வாங்கிய முதல் தலைமுறைக் கார்களுக்குப் பொருந்தியது. பிறகு கார்க் கம்பெனிகள் வேறு வகைக்குத் தாவிவிட்டன. பழைய கருவிகள் நின்றது நின்றபடி நிற்கின்றன, செஞ்சிக்கோட்டைப் பீரங்கி மாதிரி.

ஸ்டேஷன் பற்றாக்குறையைத் தீர்க்க அரசு கண்டுபிடித்த மருந்து ஆப். 2022 டிசம்பரில் 'இவி யாத்ரா' என்று ஒரு தளமும் ஆப்பும். குடியரசுத் தலைவரே தொடங்கிவைத்தார். யாத்திரை என்று தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். போனவர் திரும்புவது தெய்வச் செயல். அது போதாதென்று, எல்லா ஆப்புகளையும் ஒன்றாக்க இன்னொரு சூப்பர் ஆப் செய்யும் வேலை 2025-இல் பெல் நிறுவனத்திடம் போயிருக்கிறது. ஆம், பாய்லர் செய்யும் அதே பெல். மச்சினன் போனில் இப்போதே பதினொரு ஆப். ஒவ்வொன்றிலும் ஒரு வாலட். ஒன்றில் 37 ரூபாய், இன்னொன்றில் 62 ரூபாய், எடுக்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது. ஓடிபி வர சிக்னல் வேண்டும். சிக்னல் இருக்கிற இடத்தில் சார்ஜர் இல்லை. பெட்ரோல் போட யாராவது என்றைக்காவது ஓடிபி கேட்டார்களா? நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறோம், போடுகிறார்கள்.

அதிகாரிகளிடம் கேட்டால் தயாராக ஒரு பதில் உண்டு. கிராமப்புறத்தில் மின்சார வண்டிகள் குறைவு, ஸ்டேஷன் வைத்தால் நஷ்டம். வண்டி ஏன் குறைவு? ஸ்டேஷன் இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். இந்த நாட்டில் தபால் ஆபீஸ் லாபம் பார்த்துத்தான் கிராமத்துக்கு வந்ததா? கடைக்கோடி ஊருக்கு ஓடும் டவுன் பஸ் டிக்கெட் வசூலை நம்பித்தான் ஓடுகிறதா? தனியார் லாபம் இருக்கிற இடத்துக்குத் தானே போவார். பெங்களூருக்கும் அண்ணா நகருக்கும் அவரை யாரும் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டாம். வரிப்பணத்துக்கு வேலை லாபம் இல்லாத இடத்தில்தான் இருக்கிறது. அதையும் லாபம் உள்ள இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டினால் அதற்கு மானியம் என்ற பெயர் எதற்கு?

பக்கத்துக் கேரளத்தில் மின்வாரியம் வேறு மாதிரி யோசித்தது. 2021-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் தெருவில் நிற்கிற கரண்ட் கம்பத்திலேயே சார்ஜர் மாட்டினார்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் இத்தனை என்று பங்கு வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேல் மாட்டியாயிற்று. எல்லாம் பழுதில்லாமல் ஓடுகிறதா என்றால் இல்லை. ஆனால் தொகுதி என்று ஒன்றை நினைத்துப் பார்த்தார்கள். கம்பம் இல்லாத ஊர் நம்மிடமும் இல்லை. கம்பத்தில் கட்சிக்கொடி கட்டுகிறோம், டியூஷன் போர்டு மாட்டுகிறோம், கேபிள் டிவி வயர் இழுக்கிறோம். கரண்ட் எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஓடாத சார்ஜர் எது என்று கண்டுபிடிக்கக் குழு போட வேண்டாம். ஆய்வுக்கு வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். ஒவ்வொரு சார்ஜருக்கும் மீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் எத்தனை யூனிட், எத்தனை நிமிடம் என்று சர்வருக்குத் தகவல் போகிறது. பில் போடுவதே அதை வைத்துத்தான். எந்த ஊரில் எந்தக் கருவி எத்தனை நாளாகச் செத்துக் கிடக்கிறது என்பது அதை வைத்தவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தேதான் பச்சைப் புள்ளி எரிகிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: கடைசியாகக் கரண்ட் கொடுத்த தேதி. செலவு கிடையாது. டெண்டர் கிடையாது. அதனால்தான் நடக்காது என்று நினைக்கிறேன்.

போன வாரம் மச்சினன் ஆப்பைத் திறந்து காட்டினான். நம் பங்க் அப்படியே இருக்கிறது. நிலை: உள்ளது. யாரோ ஒரு புண்ணியவான் நாலரை ஸ்டாரும் கொடுத்திருக்கிறார்.

உங்கள் எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வந்து, தொகுதியில் இத்தனை ஸ்டேஷன் கொண்டுவந்தேன் என்று மேடையில் சொல்வார். கை தட்டுங்கள், பாதகமில்லை. கீழே இறங்கி வரும்போது மறித்து நின்று, போன மாதம் அவை எத்தனை யூனிட் கொடுத்தன என்று மட்டும் கேளுங்கள்.